அணுவுக்கொரு அடுப்பு

தூத்துக்குடியில் தன் மூளையை அவரைப்போல் பொத்திப் பொத்தி வளர்த்தவர் வேறு எவரும் கிடையாது. முத்துக் குளித்தவன்கூட முத்தை அப்படிப் பாதுகாத்திருக்க மாட்டான். எங்கள் கப்பல் ஏஜெண்ட் ஆபீசின் தலைமை குமாஸ்தா அவர். பெற்றோர் வைத்த பெயரை எல்லோரும் மறந்திருந்தோம். துறைமுகம் முழுக்க அவர் ‘வல்லாரை அண்ணாச்சி’.

எழுபதுகளின் நடுப்பகுதி. நான் டைப்பிஸ்டாகச் சேர்ந்த அன்றே ஒரு வாழையிலைப் பொட்டலத்தை நீட்டினார்.

“வல்லாரைத் தொவையல். தின்னு டே.”

“எனக்கு ஞாபகசக்தி நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி.”

“இருக்கும்போதே காப்பாத்தணும். போனபொறவு எங்கன போய்த் தேடுவ?”

உடம்பில் ஒவ்வொரு அணுவுக்குள்ளும் ஓர் அடுப்பு எரிகிறது, வயதாக ஆக அது அணையப் பார்க்கும், விசிறிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவர் சித்தாந்தம். அதனால் நாற்காலியை மூலையில் தள்ளிவிட்டு, நின்றபடியே எழுதுவார். எழுதாதபோது இரண்டு கைகளையும் காற்றாடிபோல் சுற்றுவார். மேஜைக் காகிதங்கள் பறக்கும். நாங்கள் பொறுக்குவோம்.

“தயவுசெஞ்சு உக்காருங்க, எனக்குத் தலை சுத்துது” என்பார் மானேஜர்.

“எனக்குச் சுத்தலியே சார். அதுக்குத்தான் நிக்கேன்.”

பழகாத காரியத்தைச் செய்தால்தான் மூளை தூங்காது என்று ஒருநாள் பீச் ரோட்டில் பின்பக்கமாக நடந்தார். நேராகப் போய் மீன்காரம்மா கூடைக்குள் உட்கார்ந்தார்.

“கண்ணு என்ன முதுகுலயா இருக்கு அண்ணாச்சி?”

“மூளைக்குப் பயிற்சி தாயி.”

“அப்பம் நசுங்குன சாளையையும் நீங்களே தின்னுங்க. அதுவும் மூளைக்கு நல்லதுதான்.”

அதுவும் நியாயம் என்று கூடையோடு வாங்கிக்கொண்டு ஆபீசுக்கு வந்துவிட்டார். அந்த வாரம் முழுக்க எங்கள் கடிதங்கள் மீன் வாசனையோடு வெளிநாடு போயின.

அடுத்து, புது மொழி. ஒரு கிரேக்கக் கப்பலின் சமையற்காரனிடம் வணக்கம் சொல்லக் கற்றுக்கொண்டார். கேப்டன் ஆபீசுக்கு வந்ததும் கைகூப்பி, கணீரென்று சொன்னார். கேப்டன் முகம் சிவந்தது. மானேஜர் பதறி விசாரித்தபோது, “உன் கால் நாறுகிறது” என்று அர்த்தம் என்று தெரிந்தது.

மானேஜர் கத்தித் தீர்த்தார். அண்ணாச்சி அசரவில்லை. “அர்த்தம் கெடக்கட்டும் சார். ஒரு எழுத்துகூடப் பிசகலியே.”

அந்த மனிதர் ஒருநாள் வேலைக்கு வரவில்லை. மாலையில் நானும் இன்னொரு குமாஸ்தாவும் சைக்கிளில், தூத்துக்குடியை அடுத்த புதுக்கோட்டை கிராமத்தில் இருந்த அவர் வீட்டுக்குப் போனோம். வாசலில் அவர் மனைவி நின்றிருந்தார்.

“பெரியவுகளைக் காலையிலேருந்து காணல தம்பி. இவுக தேடித்தான் அலையுதாக.”

பெரியவர் அண்ணாச்சியின் அண்ணன். சாயர்புரத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். சில வருடங்களாக ஒவ்வொன்றாக மறந்து, கடைசியில் வீட்டு வழியையும் மறந்துபோனார். அண்ணாச்சி இதைப்பற்றி ஆபீசில் மூச்சுவிட்டதில்லை. கையைச் சுற்றியதெல்லாம் எதற்காக என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நாங்களும் தேடக் கிளம்பினோம். சாயர்புரம் போகிற ரோட்டில், ஒரு புளியமரத்தடியில் பெரியவர் நின்றிருந்தார். அண்ணாச்சி எங்களுக்கு முன்பே அங்கே வந்து சேர்ந்திருந்தார். சட்டை முழுக்க வேர்வை.

“ஸ்கூலுக்கு நேரமாச்சு” என்றார் பெரியவர். பிறகு தம்பியை உற்றுப் பார்த்து, “நீங்க யாரு, தெரியலியே” என்றார்.

அண்ணாச்சி முகத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

“உங்ககிட்ட படிச்ச பையன் சார்.”

“கணக்கு நல்லா போடுவியா?”

“சுமாராப் போடுவேன். வாங்க, பேசிக்கிட்டே போவோம்.”

வீடு வரும்வரை பெரியவர் வாய்ப்பாடு கேட்டார். இரண்டு இடத்தில் அவரே தப்பாகத் திருத்தினார். “ஆமா சார், நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன்” என்றார் அண்ணாச்சி. ஓரிடத்தில் நில்லாத அந்த மனிதர், அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அடிமேல் அடிவைத்து நடந்தார். பெடலை மிதிக்க எங்களுக்கு மனம் வரவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே போனோம்.