கார்பன் கேட்ட பூங்கா

தபால் இலாகா எங்கள் பக்கத்தில் நஷ்டமில்லாமல் நடந்ததென்றால் அதற்குக் கார்பன் ஒருவர்தான் காரணம் என்று கோயில் வாசலில் நின்று சத்தியம் செய்வேன்.

காஞ்சிபுரத்தின் ஓரத்தில் முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு ஊர்கள். பெயர் சொல்லமாட்டேன், இரண்டிலும் எனக்குச் சம்பந்திகள் இருக்கிறார்கள். அறுபதுகளின் கடைசியில் அவற்றில் ஒன்றின் பஞ்சாயத்து ஆபீசில் நான் குமாஸ்தா. கார்பன் பட்டுத்தறிக்கு டிசைன் அட்டை குத்துகிறவர். அவர் அட்டையில் ஓட்டை ஓட்டையாகக் குத்தினால்தான் புடவையில் மயில் வரும். டிசைனைப் பிரதியெடுக்கிற கார்பன் தாளை வைத்தே மனுவும் எழுதுவார், பெயரும் அதனால் வந்ததுதான். பத்து விரலும் நீலம். அவர் பிசைந்தால் மோர்ச் சோறும் நீலமாகிவிடும் என்பார்கள்.

இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு பூங்கா. பூங்கா என்றால் ஒரு பூவரச மரம், ஒரு சிமெண்ட் பெஞ்சு, ஒரு குழாய், ஒரு விளக்குக் கம்பம். குழாய் உடைந்தால் எங்கள் தலைவர், "அது அவங்க பார்க்குப்பா" என்பார். அவர்களும் எங்களை அப்படியே சொல்வார்கள். கார்பனின் மனைவிக்கோ இழுப்பு. தறியும் தூசியுமான வீட்டில் மூச்சு முட்டும். சாயங்காலம் அந்த மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தால்தான் அந்த அம்மாளுக்கு இழுப்பு அடங்கும்.

அதனால் கார்பன் வாராவாரம் மனு எழுதினார். "தங்கள் பூங்காவில் குழாய் உடைந்துள்ளது" என்று ஒரே எழுத்து. தபாலில் அசல் எங்களுக்கு, நகல் அவர்களுக்கு. அடுத்த வாரம் அசல் அவர்களுக்கு, யாருக்கும் மனவருத்தம் வரக்கூடாதே.

"ஏன் சார் ரெண்டு பேருக்கும் தங்கள்னு எழுதறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அவங்களுதுன்னு சொன்னா எவன் சார் ரிப்பேர் பண்ணுவான்? உன்னுதுன்னு சொன்னா ரோசத்துக்காவது வருவான்."

ஒன்பது வருஷம் எவனும் வரவில்லை. பாம்பு நுழைந்தது என்று எழுதியபோது மட்டும் இரண்டு ஆபீசிலிருந்தும் ஆள் கம்போடு போனான். பாம்பு எதிராளியின் பக்கம் போகட்டும் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள். பாம்பு சலித்துப்போய்த் தானே வெளியேறியது. நான் மனுக்களைத் தேதிவாரியாகக் கோப்பில் கோத்து வைத்தேன். எனக்கு அதுதான் வேலை.

பிறகு அந்த இடத்துக்குப் பக்கத்தில் பஸ் ஸ்டாண்டு வரப்போகிறது என்று ஒரு வதந்தி கிளம்பியது. மறுநாளே பூங்கா இரண்டு ஊருக்கும் பாட்டன் சொத்தாகிவிட்டது. தாசில்தார் வந்து மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். எல்லை வரைபடத்தை எப்போதோ கரையான் தின்றிருந்தது. "வேற ஆதாரம் இருக்குதா?" என்றார்.

எங்கள் தலைவர் என்னைப் பார்த்தார். நான் கோப்பை நீட்டினேன். எதிர்த்தரப்பும் ஒரு கோப்பை நீட்டியது. இரண்டிலும் "தங்கள் பூங்காவில்." ஒரே தேதி, ஒரே கையெழுத்து, ஒரு வாரம் எங்களுடையது பென்சில், அவர்களுடையது நீலம், அடுத்த வாரம் மாறி. தாசில்தார் புரையேறச் சிரித்தார். அரை மணியில் பாதிப் பாதி என்று தீர்ப்பாயிற்று. எல்லைக்கோடு மரத்தின் நடுவில் போனது, ஆகவே மரத்தை வெட்டிவிடலாம் என்றார்கள். எங்கள் பாதியில் லாரி ஷெட், அவர்கள் பாதியில் கடைகள்.

பத்து வருஷம் பேசாத தலைவர்கள் மாலை மாற்றிக்கொண்டார்கள். மிஞ்சிய மாலை கார்பன் கழுத்தில் விழுந்தது. "இவரு லெட்டர் இல்லாட்டி இது முடிஞ்சிருக்குமாப்பா?" என்று கைதட்டினார்கள். கார்பன் மாலையோடு நின்று, பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவியையே பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் நானும் கைதட்டினேன்.

பஸ் ஸ்டாண்டு வரவேயில்லை. மரம் விழுந்து ஒரு மாதம் கழித்துக் கார்பன் ஆபீசுக்கு வந்தார். கையில் மனு இல்லை.

"இப்ப சாயங்காலம் அவள ரயில்வே கேட்டாண்ட இட்டுக்கினு போறேன் சார். அங்க எஞ்சின் புகை, தாங்க மாட்டேங்குறா." கதவு வரை போய்த் திரும்பினார். "நான் எழுதாம இருந்திருந்தா மரம் இருந்திருக்குமா சார்?"

இருந்திருக்கும். ஆதாரம் இல்லாத வழக்கு கோர்ட்டில் இருபது வருஷம் தூங்கியிருக்கும். அந்த அம்மாளும் மரத்தடியில் மூச்சு விட்டுக்கொண்டிருந்திருப்பாள்.

"எப்படியும் போயிருக்கும் சார்," என்றேன். "உங்க லெட்டரை யாரு படிச்சாங்க?"

"அப்டியா," என்றார். முகம் கொஞ்சம் தெளிந்தது. படியிறங்கும்போது கைப்பிடியில் வைத்த விரல்களைப் பார்த்தேன். தேய்த்துத் தேய்த்துக் கழுவி வெள்ளையாக இருந்தன.

அந்தப் பொய்க்காக எனக்கு நரகம் என்றால், சந்தோஷமாகவே போகிறேன்.