மணிலாவில் தொலைந்த சனிக்கிழமை

அமெரிக்காவில் குடியேறிய தமிழனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்தியாவில் இப்போது மணி என்ன என்று சொல்லிவிடுவான். கலிஃபோர்னியாவில் இருப்பவனுக்கு அது இன்னும் சுலபம். கடிகாரத்தைப் பார்த்து, பகலை இரவாக்கி, அரை மணியோ ஒன்றரை மணியோ கூட்டினால் போதும். ஊரில் இருப்பவர்கள் விழித்திருக்கிறார்களா என்று தெரிந்துவிட்டால் போன் கார்டைச் சுரண்ட ஆரம்பித்துவிடலாம். அங்கே என்ன கிழமை என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. நானும் உடைத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் ஒரு முழுச் சனிக்கிழமையைப் பசிபிக் பெருங்கடலில் போட்டுவிட்டு வந்தேன்.

இதில் கூடுதல் கேவலம் ஒன்று உண்டு. அப்போது சன்னிவேலில் என் வேலையே தேதிகளைச் சரிபார்ப்பதுதான். இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்ததும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்று நினைத்துக் குழம்பிவிடும் என்ற பயத்தில் எங்களைக் கூட்டம் கூட்டமாக வரவழைத்திருந்தார்கள். ஒரு வங்கியின் தேதிகளை எல்லாம் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். (வங்கி பிழைத்தது. அதில் குறை சொல்ல முடியாது.)

என் மனைவி ஜெயந்திக்குச் சார்பு விசா. வேலை பார்க்கக் கூடாது. நான் காலையில் கிளம்பிப் போனால் அவளுக்கு அபார்ட்மெண்ட்டின் நான்கு சுவர், ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே பார்க்கிங் லாட். அவளுக்கு அமெரிக்காவில் கிடைத்த ஒரே தோழி கீழ்த்தளத்தில் இருந்த மேரிவிக். மணிலாக்காரி. நர்ஸ் படித்துவிட்டு, ஒரு வயதான அமெரிக்க அம்மாளைக் கவனித்துக்கொள்ள வந்திருந்தாள். ஜெயந்திக்கு டிரைவிங் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். முதலில் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்; பார்க்கிங் லாட்டைத் தாண்டுவதற்குள் பேச்சு விவாகரத்து வரைக்கும் போய்விட்டது. மேரிவிக் குரலை உயர்த்தாமல் எல் கமினோ ரியல் சாலை முழுக்க அவளை ஓட்டவைத்தாள். லைசென்ஸ் வந்த அன்று இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். மேரிவிக் ஊருக்குத் திரும்பிய அன்று ஜெயந்தி சமைக்கவில்லை. (நான் பீட்சா வாங்கி வந்தேன். அது ஆறுதல் ஆகாது என்று பிறகு தெரிந்தது.)

அடுத்த வருஷம் நாங்கள் சென்னைக்குக் கிளம்பினோம். வழியில் வார இறுதிக்கு மணிலாவில் இறங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு, மேரிவிக்கையும் பார்ப்பது என்று முடிவானது. அவளிடமிருந்து ஈமெயில் வந்தது. சவுதியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துவிட்டது, ஞாயிறு காலை விமானம், ஆனால் சனிக்கிழமை முழுக்க உங்களுக்குத்தான் என்று எழுதியிருந்தாள்.

சனிக்கிழமைதானே, எடுத்துக்கொள் என்று நான் பொறுப்பேற்றுக்கொண்டேன். வெள்ளி இரவு சான் ஃபிரான்சிஸ்கோவில் ஏறுகிறோம், சனி விடியற்காலை மணிலாவில் இறங்குகிறோம். மேரிவிக்குக்கும் அப்படியே எழுதிவிட்டேன். ஆபீசில் புராஜெக்டுகளுக்கு வைத்திருந்த மென்பொருளில் அந்தச் சனிக்கிழமையைக் கட்டம் கட்டமாகப் போட்டேன். காலையில் கோட்டைச் சுவருக்குள் இருக்கும் பழைய நகரம், அப்புறம் தேவாலயம், ஜீப்னி என்ற அந்த ஊர் ஷேர் ஜீப்பில் ஒரு சவாரி, சாயங்காலம் கடலோரத்தில் சூரிய அஸ்தமனம். மழை வந்தால், டிராஃபிக் வந்தால், வயிற்றுப்போக்கு வந்தால் என்ன செய்வது என்பதற்குக்கூடத் தனிக் கட்டம் இருந்தது. ஆபீஸ் கலர் பிரிண்டரில் அச்செடுத்து நண்பர்களிடம் காட்டியபோது ஆளாளுக்கு ஒரு பிரதி கேட்டார்கள்.

ஜெயந்திக்கு மட்டும் ஒரு சந்தேகம் வந்தது.

"ஏங்க, வெள்ளிக்கிழமை ராத்திரி அம்மாவுக்குப் போன் பண்ணா அங்க சனிக்கிழமை விடிஞ்சிருது. அப்ப நாம ஃபிளைட் ஏறும்போதே மணிலால சனிக்கிழமைதான? போய் எறங்கும்போது?"

"ஜெயா, நான் பாக்குற வேலையே டேட் வேலை. எங்கிட்டயே டேட் சொல்றியா?"

"சொல்லலங்க, கேக்குறேன். டிக்கெட் போட்டுக்கொடுத்த டிராவல்ஸ் அங்கிள்ட்ட ஒரு தடவ கன்ஃபர்ம் பண்ணிடலாமே."

"டிக்கெட்லயே போட்டிருக்கு, காலைல அஞ்சு மணி. அவர டிஸ்டர்ப் பண்ணாத."

டிக்கெட்டில் போட்டிருந்தது உண்மை. அஞ்சு மணிக்குப் பக்கத்தில் கூட்டல் குறியும் இரண்டும் போட்டிருந்தது. இரண்டு நாள் தள்ளி என்று அர்த்தம். நாங்கள் இரண்டு பேர் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

விமானம் மணிலாவை நெருங்கியபோது பைலட் குட் மார்னிங் சொல்லி, வெயிலைப் பற்றிச் சொல்லி, கிழமையையும் சொன்னார். ஜெயந்தி மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"சண்டேன்னா சொன்னாரு?"

"தூக்கக் கலக்கத்துல சொல்லியிருப்பாரு."

"பைலட்டா?"

பக்கத்து இருக்கையில் ஒரு பிலிப்பினோ பெரியவர் இருந்தார். அவரிடம் இன்று என்ன கிழமை என்று கேட்டேன். ஏர்போர்ட்டிலிருந்து நேராகச் சர்ச்சுக்குத்தான் போகிறேன் என்று சந்தோஷமாகச் சொன்னார். இறங்கி இமிக்ரேஷன் வரிசையில் நின்றபோது ஜெயந்தி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "அவ ஃபிளைட் எத்தன மணிக்கு?" எனக்குத் தெரியவில்லை. என் கலர் அட்டவணையில் ஞாயிற்றுக்கிழமையே இல்லை.

வெளியே ஜெயந்தியின் பெயர் எழுதிய அட்டையோடு ஒரு இளைஞர் நின்றிருந்தார். மேரிவிக்கின் தம்பி. அக்காவை வழியனுப்ப வந்தவர், ஒருவேளை இன்றாவது வருவார்களோ என்று நின்றிருக்கிறார். நேற்று விடியற்காலையிலிருந்து மத்தியானம் வரை அவள் இதே இடத்தில் நின்றாளாம். வீட்டுக்குப் போகலாம் என்று தம்பி கூப்பிட்டபோது, "அவர் தேதி வேலை பார்க்கிறவர், தேதியில் தப்புப் பண்ண மாட்டார், விமானத்துக்குத்தான் ஏதோ ஆகியிருக்கும்" என்றாளாம். அவர் என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. இருந்தாலும் குத்தியது.

மேரிவிக் அப்போதுதான் உள்ளே போயிருந்தாள். ஜெயந்தி பையை என்மேல் போட்டுவிட்டு மாடியில் இருந்த புறப்பாட்டு வாசலுக்கு ஓடினாள். டிக்கெட் இல்லாமல் உள்ளே விட முடியாது என்று காவலர் சொல்லிவிட்டார். கண்ணாடிக் கதவில் நெற்றியை வைத்து உள்ளே பார்த்தாள். உள்ளே வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிய, ஒரே மாதிரி டி-ஷர்ட் போட்ட பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். ஒருத்தியைப் பார்த்துக் கையை ஆட்டினாள். அந்தப் பெண் திரும்பியதும் கையைக் கீழே போட்டாள்.

"அவ இல்லீங்க" என்றாள்.

மேரிவிக் எங்களுக்காக ஒரு பை கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். காய்ந்த மாம்பழமும், கறியும் மீனும் சேர்க்காமல் ஜெயந்திக்காகத் தனியாகச் செய்த நூடுல்ஸும் இருந்தன. நேற்றைக்குச் செய்தது. திறந்தபோதே புளித்த வாடை அடித்தது.

தம்பி நல்ல மனிதர். என் அட்டவணையை வாங்கிப் பார்த்து, கட்டம் தவறாமல் எல்லா இடங்களுக்கும் கூட்டிப்போனார். பழைய நகரம், தேவாலயம், ஜீப்னி. ஜெயந்தி வந்தாள், பார்த்தாள், நில் என்ற இடத்தில் நின்றாள். கடலோரச் சுவர் ஈரமாக இருந்தது. என் கலர் அட்டவணையை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். அது அன்று உருப்படியாகப் பயன்பட்டது அப்போதுதான்.

சூரியன் இறங்கும்போது நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"திரும்பிப் போறப்ப ஒரு நாள் எக்ஸ்ட்ரா கிடைக்கும் ஜெயா. தொலைஞ்ச நாள் அப்படியே திரும்பி வந்துரும்."

"வரட்டும். அதுல மேரிவிக் இருப்பாளா?"

சொன்னபடியே அந்த நாள் கிடைத்தது. ஒரு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஆசியாவிலிருந்து கிளம்பி அதே சனிக்கிழமை காலை கலிஃபோர்னியாவில் இறங்கினோம். அந்த உபரிச் சனிக்கிழமையில் அழுக்குத் துணி துவைத்தோம்.

சவுதியிலிருந்து கொஞ்ச காலம் கடிதம் வந்தது. பிறகு அவள் ஆஸ்பத்திரி மாறினாள், நாங்கள் வீடு மாறினோம். எங்கே தேடியும் கிடைக்கவில்லை. டிராவல்ஸ் அங்கிளுக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும். அதைச் செய்ய எனக்குக் கௌரவம் இடம்கொடுக்கவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் அது எனக்கு ஆறவில்லை.

எங்கள் மகள் சன்னிவேலில் பிறந்தவள். நான் எங்கேயாவது கிளம்பலாம் என்று சொன்னால் போதும், "இஸ் இட் எ ரியல் சாட்டர்டே, ஆர் அப்பாஸ் சாட்டர்டே?" என்பாள். விருந்தாளிகள் என்னவென்று கேட்பார்கள். ஜெயந்திதான் கதை சொல்வாள், என் குரலிலேயே நடித்துக் காட்டி. அவளும் விழுந்து விழுந்து சிரிப்பாள். பைலட் குட் மார்னிங் சொல்லும் இடத்தில் வீடே அதிரும். அதோடு ஜெயந்தி கதையை நிறுத்திவிட்டுக் காபி போட எழுந்து போவாள். அதற்குப் பிறகும் கதை இருக்கிறது என்று எங்கள் மகளுக்கு இன்றுவரை தெரியாது.