மீன் கடை வாசலில் துப்பறிவாளர்

"அக்கா எங்க அத்தான்? ஃபோனை எடுக்க மாட்டேங்கறா" என்று மச்சினி ஃபோனில் கேட்டதும், ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக் படித்துக்கொண்டிருந்த நாவலைக் கவிழ்த்து வைத்தார். புதன்கிழமைதோறும் போவதுபோல், 'தங்கச்சி வீட்டுக்குப் போறேன்' என்று சொல்லிவிட்டுத்தான் அவர் மனைவி கிளம்பிப் போயிருந்தாள்.

"தூங்கறா" என்றார், வாய்க்கு வந்ததை.

"மத்தியானத்துலயா? உடம்புக்கு ஏதாவதா?"

"லேசா தலைவலி."

அந்தத் தலைவலி சாயங்காலத்துக்குள் மயக்கமாக வளர்ந்து மகள் வீடுவரை போய்விட்டது. வீடு திரும்பிய மனைவி செருப்பைக் கழற்றிக்கொண்டே, "எனக்கு மயக்கம்னு யாருங்க கிளப்பிவிட்டது?" என்றாள்.

"யாருக்குத் தெரியும்" என்றார்.

'எங்கே போயிருந்தாய்' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். கேட்க வாய் வரவில்லை. அவருடைய நாயகர்கள் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

வேலையில் இருந்த காலத்தில் மொட்டை மாடி மோட்டார் அறைகளில், கிரீஸ் கையோடு படித்த துப்பறியும் நாவல்கள் அவை. இப்போது ஒவ்வொன்றாக மறுபடி படிக்கிறார். தனி ஆள், ஒற்றை அறை அலுவலகம், வெளியே மழை. அன்றைக்கு அந்தத் தனிமை கம்பீரமாகத் தெரிந்தது. இப்போது, 'சாப்பிட்டியா' என்று கேட்க ஆளில்லாத மனுஷன் என்றுதான் தோன்றுகிறது. இருந்தாலும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

"இப்ப வர்ற த்ரில்லர்ல எவன் துப்பறியறான்? எல்லாத்தையும் ஃபோனே காட்டிக் கொடுத்துடுது. மூணு பக்கத்துக்கு ஒருதரம் செத்தவன் எழுந்து வர்றான்" என்பார், புதுப் புத்தகம் படிக்கும் மனைவியிடம்.

"உங்காளு மட்டும் என்ன? தெருவுக்குத் தெரு அடி வாங்கித்தான் உண்மையக் கண்டுபிடிக்கிறான். எனக்கு அதெல்லாம் பிடிக்கல" என்பாள் அவள்.

தன் ரசனைக்கு இந்த வீட்டில் ஒரு துணை அமையவில்லையே என்ற குறை அவருக்கு வெகுநாளாக உண்டு.

அடுத்த புதனன்று சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு அவள் பின்னாலேயே போனார். பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண் ஒரு தடித்த த்ரில்லரில் மூழ்கியிருந்தாள். அட்டையைப் பார்த்ததுமே அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"இதுல தம்பிதாம்மா கொலைகாரன்" என்றார், உதவி செய்கிற குரலில்.

"உங்களை யாருங்க கேட்டது? முந்நூறு பக்கம் படிச்சிருக்கேன்" என்று அந்தப் பெண் போட்ட சத்தத்தில் பேருந்தே திரும்பியது. அவர் குனிந்து ஒளிந்துகொண்டார். நிமிர்ந்தபோது மனைவி எப்போதோ இறங்கிப் போயிருந்தாள்.

வேறு வழியில்லாமல் புது முறைக்கு மாறினார். "அத்தை எங்க இருக்காங்கன்னு என் ஃபோன்ல தெரியற மாதிரி பண்ணிக் கொடுங்க மாப்பிள்ளை" என்று கேட்டார்.

மாப்பிள்ளை இரண்டு ஃபோனையும் வாங்கி ஏதேதோ தட்டி, "முடிஞ்சுது மாமா" என்றார்.

அதற்கடுத்த புதனன்றும் அதே பேருந்தில் பின்னாலேயே போய், மனைவி இறங்கிய நிறுத்தத்துக்கு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, ஒரு மீன் கடை வாசலில் நின்று ஃபோனைத் தேய்தேய் என்று தேய்த்தார். ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் அதுவே அடித்தது.

"என்னங்க, அரை மணி நேரமா மீன் கடை வாசல்ல என்ன பண்றீங்க?" என்றாள் மனைவி.

மாப்பிள்ளை மாற்றிச் செய்துவிட்டார். அன்று பிடிக்காத மீனை ஒரு கிலோ வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்.

மூன்றாவது முறை ஃபோனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். இந்தமுறை தவறவிடவில்லை. அவள் நடந்துபோய் நுழைந்தது ஒரு பழைய நூலகம். சிறிது நேரம் பொறுத்து இவரும் உள்ளே எட்டிப் பார்த்தார். ஜன்னலோர மேஜையில் அவளுக்கு எதிரே நரைத்த மீசைக்காரர் ஒருவர். பக்கத்து அலமாரியின் பின்னால் ஒளிந்துகொண்டார்.

அவள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். இவர் விறுவிறுவென்று போய் அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். 'யாருய்யா நீ?' என்று அடிக்குரலில் கேட்பதாகத்தான் திட்டம். ஆனால் மேஜையில் ஒரு பழைய நாவல் கவிழ்ந்து கிடந்தது. அவருக்கு உயிரான நாவல். கடைசிச் சில பக்கங்கள்தான் பாக்கி.

"அடடா, இதுவா? டாக்டர்தாங்க கொன்னது" என்றார், தன்னை மறந்து.

மீசைக்காரர் தினசரியிலிருந்து தலையைத் தூக்கி, "இது என்னுது இல்லைங்களே" என்றார். அவர் பார்வை இவரைத் தாண்டிப் போனது.

பின்னால் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

"உனக்குத்தான் பழைய கதை பிடிக்காதே" என்றார், தடுமாறி.

அவள் குனிந்து நாவலை எடுத்தாள். புத்தகத்தை மூடினாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டாள். பையை எடுத்துக்கொண்டு மெதுவாக வெளியே நடந்தாள். அவள் கோபப்பட்டிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

புத்தகம் அடுக்குபவர் வந்து அந்த நாவலை எடுத்துக்கொண்டு அவரை முறைத்தார்.

"வீட்ல வெச்சுப் படிச்சா வீட்டுக்காரர் முடிவைச் சொல்லிடறாருன்னுதான் அந்தம்மா இத்தனை வருஷமா இங்க வந்து ஒளிஞ்சு படிக்கறாங்க, நீங்க யாரு சார், இங்கயும் வந்து?"