சக்கரவர்த்தியின் கன்னத்து வெட்டு

பனியன் கம்பெனிக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் முதலில் டேமேஜ்தான் கண்ணில் படும். கல்யாணத்துக்குப் போனால்கூட மாப்பிள்ளையைப் பார்க்கமாட்டோம், அவர் சட்டையில் விட்டுப்போன தையலைத்தான் பார்ப்போம். எனக்கு இது முற்றியிருந்த நேரத்தில் ஒரு ரோமானியச் சக்கரவர்த்தி வந்து மாட்டினார்.

வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக நான் சேர்ந்த புதிது. இத்தாலியில் ஓர் அருங்காட்சியகக் கடை, பழைய வெள்ளிக்காசின் படம் போட்ட டீ-சர்ட் கேட்டிருந்தது. தலையில் இலைமாலையோடு ஒருவர், சுற்றிலும் எழுத்து. ‘அகஸ்டஸ்’ என்று முடிந்ததால் எல்லோரும் அகஸ்டஸ் என்றார்கள். அது வெறும் பட்டம், ஆள் டைபீரியஸ் என்று கண்டுபிடித்தவள் நான். (கேட்காதவர்களுக்கும் விளக்கினேன்.)

சாம்பிள் ஓகே ஆன பிறகுதான் அவர் கன்னத்தில் நீளமாக ஒரு வெட்டைக் கவனித்தேன். ‘அடப்பாவமே, டேமேஜ் காசைப் படம் எடுத்திருக்காங்களே!’ என்று கம்ப்யூட்டரில் அதை அழகாக மூடினேன். (மூக்கையும் கொஞ்சம் எடுப்பாக்கினேன்.) மொத்த ஆர்டரும் அச்சாகிவிட்டது.

அச்சான சட்டையை வீடியோ காலில் காட்டியதும் அந்த அருங்காட்சியகக் கடை அம்மாள் கேட்ட முதல் கேள்வி, “வெட்டு எங்கே?” உங்கள் ஊர்ப் பக்கம் மண்ணில் கிடைக்கும் ரோமானியக் காசுகள் பலவற்றில் அந்தக் காலத்து உள்ளூர்க்காரர்களே இப்படி உளியால் வெட்டியிருக்கிறார்கள், அதற்காகத்தானே உங்களிடம் அச்சடிக்கக் கொடுத்தோம் என்றார். ஆர்டர் போச்சு, வேலையும் போச்சு என்றே நினைத்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதலாளி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தப்பு தன்னுடையது என்று சொல்லி, சரிசெய்ய அவகாசம் வாங்கினார். வீடியோ கால் முடிந்த பிறகு, “அழுவாத கண்ணு. நம்ம ஆளுங்க அன்னைக்கு வெட்டுனாங்க, நீ இன்னைக்கு ஒட்டிப்போட்ட. மறுக்கா வெட்டிப்போடலாம், உடு” என்றார். அப்போதுதான் நிஜமாகவே அழுதேன்.

எங்கள் பிரிண்டிங் மாஸ்டர் அந்தோணி அண்ணன், தூத்துக்குடிக்காரர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராக வந்தார். “நல்லாருந்த ராசா மூஞ்சில கோடு போடச் சொல்லுதியே, ஏ பிள்ள!” என்று திட்டிக்கொண்டே, துணியின் நிறத்திலேயே மை கலந்து ஒவ்வொரு சட்டையிலும் ஒரு கோடு இழுத்தார். அசல் வெட்டாகவே இருந்தது. சரக்கு கப்பலேறியது. அந்த இரண்டு பேரும் இல்லையென்றால் இன்று நான் இந்தத் தொழிலிலேயே இருந்திருக்கமாட்டேன். நினைத்தாலே கைகூப்பத் தோன்றுகிறது.

வீட்டில்தான் மானம் திரும்பவில்லை. போன தீபாவளிக்கு மகள் முழங்காலில் கிழிசல் வைத்த ஜீன்ஸ் எடுத்து வந்தாள். பையைப் பிரிக்கும் முன்பே கையெடுத்துக் கும்பிட்டாள்: “அம்மா, தச்சுப்போடாதீங்க. இது டிசைனுங்க!”