சூடு பத்தலை

இனிமேல் இந்த வீட்டில் காலைக் காபி என் பொறுப்பு என்று அறிவித்தேன். கேட்பதற்கு வீட்டில் ஒரே ஒருத்திதான் இருந்தாள், என் மனைவி. அவளும் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

"கேட்டியா?"

"கேட்டேன்."

"ஒண்ணும் சொல்லலையே?"

"சொல்ற மாதிரி ஏதாவது நடக்கட்டும்."

நடக்கப்போவது சமையலறை மேடை மேல் இருந்தது. முழுத் தானியங்கி எஸ்பிரெஸ்ஸோ மெஷின். தலையில் காபிக் கொட்டையைப் போட்டு, முதுகில் தண்ணீர் ஊற்றி, இடுப்பருகே பாலை வைத்து ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். அதுவே அரைக்கும், அதுவே பிழியும், அதுவே நுரை பொங்க வைக்கும். எல்லாம் முடிந்தபின் தன் மூக்கைத் தானே கழுவிக்கொள்ளும். இந்தக் கடைசிப் பழக்கம் மனிதர்களிலேயே எல்லோருக்கும் கிடையாது.

நான் பதினெட்டு வருடம் வெளிநாட்டில் வெப்பமானிகளைச் சரிபார்த்து முத்திரை குத்திக்கொண்டிருந்தவன். ஒரு தொழிற்சாலைக் கொதிகலன் நூற்றெண்பது டிகிரி காட்டினால், அது நிஜமாகவே நூற்றெண்பதுதானா என்பதில் கடைசி வார்த்தை என்னுடையது. என் கையெழுத்து இல்லாமல் அங்கே எதுவும் அதிகாரபூர்வமாகச் சூடாக இருந்ததில்லை. வேலையை விட்டுத் திரும்பி ஐந்து மாதம் ஆகிறது. இப்போதெல்லாம் நான் கையெழுத்துப் போடுவது கூரியர்காரரின் கைபேசியில். அதுவும் ஆள்காட்டி விரலால்.

இரக்கம் தேடிச் சொல்லவில்லை. ஒரு மனிதனுக்கு வீட்டில் ஒரு துறையாவது வேண்டும். பதினெட்டு வருடம் நான் இல்லாமல் நடந்த வீடு, நான் வந்தபின்னும் நான் இல்லாதது போலவே நடந்தது. சோபாவில் உட்கார்ந்தால் கூட்டுவதற்காகக் காலைத் தூக்கச் சொன்னாள். அவ்வளவுதான் என் பங்கு. காபித் துறை மட்டும் எப்படியாவது பிடித்துவிடலாம் போலப் பட்டது.

மனைவி ஒரு பள்ளியில் துணைத் தலைமையாசிரியை. கால அட்டவணை போடுவது அவள் வேலை. நாற்பத்திரண்டு ஆசிரியர்கள். யாருக்கு எந்த வகுப்பு, எந்த மணி என்று பென்சிலால் கட்டம் போட்டு எழுதிவிடுவாள். யாரையும் அதட்டியதாகக் கேள்விப்பட்டதில்லை. நாற்பத்திரண்டு பேரும் தாங்களே விரும்பிப் போனதுபோல அவரவர் கட்டத்தில் போய் நின்றுகொள்வார்கள். இந்தத் தகவலை நான் அப்போதே கொஞ்சம் யோசித்துப் பார்த்திருக்கலாம்.

முதல் காபி வந்தது. மேலே ஒரு விரற்கடை நுரை. கொண்டுபோய் நீட்டினேன். கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்தவள், கோப்பையை வாங்கி உதட்டில் வைத்தாள். எடுத்தாள்.

"சூடு பத்தலை."

"இப்பதான் மெஷின்லேர்ந்து வந்துச்சு."

"வரும்போதே ஆறிப்போய்த்தான் வந்திருக்கு."

என்னிடம் ஒரு பழைய வெப்பமானி இருக்கிறது. சரிபார்த்து முத்திரை வைத்தது. ஓடிப்போய் எடுத்துவந்து கோப்பையில் விட்டேன். "பாரு, அறுபத்தொண்ணு."

"அதுக்கு அறுபத்தொண்ணு. எனக்கு ஜில்லுன்னு இருக்கு. சரி குடுங்க, வேற வழி?" என்று கோப்பையோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் மாலை அவளுடைய அக்காவும், அக்காவின் கணவரான என் சகலையும் மெஷினைப் பார்க்க வந்தார்கள். சகலை பல் டாக்டர். அதைச் சுற்றிச் சுற்றி வந்து, கொட்டை போடும் மூடியைத் திறந்து, கடைவாய்ப் பல்லைத் தேடுவதுபோல உள்ளே எட்டிப் பார்த்தார்.

"சகலை, இது என் க்ளினிக்ல இருக்க வேண்டிய பொருள். நானும் வாயைத் திறங்க வாயைத் திறங்கன்னு கெஞ்சிப் பார்க்கிறேன். இந்த வாசனை வந்தா அவங்களே திறந்துடுவாங்க."

"வீட்டுக்கு வாங்கினதுங்க."

"வீட்டுல சூடு பத்தலைன்னு தங்கச்சி சொல்லுது. என் பேஷண்டுக்கெல்லாம் சூடே ஆகாது. கூச்சம். பொருத்தம் பாருங்க."

என் மனைவி அக்காவைப் பார்த்தாள். அக்கா அவளைப் பார்த்தாள். பிறகு மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"பதினஞ்சு நாள் டைம். அதுக்குள்ள எனக்குச் சூடா ஒரு காபி குடுத்துட்டீங்கன்னா மெஷின் இங்கயே இருக்கட்டும், காபியும் உங்க பொறுப்பு, நான் வாயே திறக்கலை. இல்லேன்னா இது க்ளினிக்குக்குப் போகும்."

"தீர்ப்பு யார் சொல்றது?"

"குடிக்கிறவங்க."

"வெப்பமானி?"

"அது குடிக்குதா?"

எனக்கு ரத்தம் கொதித்தது. அது எத்தனை டிகிரி என்று அளந்து பார்க்காததுதான் பாக்கி. கொதிகலன்களையே கட்டி மேய்த்தவன், ஒரு கோப்பைக்குப் பின்வாங்குவதா? ஒப்புக்கொண்டேன்.

அன்றே கையேட்டைப் பிரித்தேன். பதினோரு மொழிகளில் இருந்தது. அதில் எனக்கு ஒரு மொழி தெரியும். சூட்டை மூன்று நிலைகளில் வைக்கலாம் என்றும், மெஷின் நடுநிலையில் இருக்கிறதென்றும் அதில் கண்டுபிடித்து உச்சத்தில் வைத்தேன். குழாய்களில் உப்புப் படிந்தால் சூடு குறையும் என்றது. புது மெஷினில் ஏது உப்பு? இருந்தாலும் உப்பு நீக்கும் மாத்திரை போட்டுக் கழுவினேன். காபிக்கு முன் ஒருமுறை வெறும் வெந்நீரை ஓட விட்டால் உள்ளுறுப்புகள் சூடாகும் என்றது. விட்டேன். அறுபத்தேழு.

"பத்தலை," என்றாள். கொஞ்சம் யோசித்து, "கோப்பை கனமா இருக்குல்ல? அதுவே பாதிச் சூட்டை உறிஞ்சிடுது போல. முன்னாடியே வெந்நீர்ல போட்டு வச்சா என்ன?"

அசந்துபோனேன். இது இயற்பியல். என் மனைவி என் மொழியில் பேசினாள். கோப்பைகளை வெந்நீரில் போடலாம் என்று போனால், எல்லாக் கோப்பைகளும் கழுவாமல் தொட்டியில் கிடந்தன. கோப்பையை எடுக்கத் தட்டை நகர்த்த வேண்டும். தட்டை நகர்த்த வாணலியை நகர்த்த வேண்டும். எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தேன். அறுபத்தொன்பது.

மறுநாள், "மேடை ஈரமா இருக்கே. ஈரக் கல்லு மேல சூடான கோப்பையை வச்சா என்னங்க ஆகும்?"

"வெப்பம் கடத்தப்படும்," என்றேன், வகுப்பில் முதல் கை தூக்கிய மாணவனைப் போல.

"அதான்," என்றாள்.

மேடையைத் துடைத்துக் காய வைத்தேன். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்ததில் தொட்டிக்கடியில் ஒரு குழாய் கசிவது தெரிந்தது. ஒன்றரை வருடமாகக் கசிகிறதாம். அதையும் முறுக்கி நிறுத்தினேன். அடுத்தது பால். குளிர்பதனப் பெட்டியிலிருந்து நேராக எடுத்த பால் நுரைக்குழாயையே நடுங்க வைக்கிறது என்று அவள் சந்தேகப்பட்டாள். அடுப்பில் காய்ச்சி ஊற்றினேன். பால் பொங்கியது. அடுப்பைத் தேய்த்தேன். அடுப்பு பளபளத்ததும் பக்கத்துச் சுவர் அசிங்கமாகத் தெரிந்தது. சுவரையும் தேய்த்தேன்.

எழுபத்திரண்டு.

"நல்லா வருது," என்றாள். "ஆனா பாருங்க, சமையல்கட்டுலேர்ந்து இந்த அறைக்கு வர்றதுக்குள்ள ஆறிடுது. எத்தனை எட்டு வைக்கிறீங்க?"

எண்ணியிருந்தேன். "பத்தொம்பது."

"ஏன் பத்தொம்பது? நேரா வந்தா பதினாலுதான். நீங்க சுத்தி வர்றீங்க."

சுற்றித்தான் வந்தேன். வழியில் இஸ்திரி போடாத துணி மலை ஒன்று. அதைத் தாண்டினால் பழைய செய்தித்தாள் கட்டு. அதற்கப்பால் ஜோடி சேராத செருப்புகள். ஒவ்வொரு எட்டுக்கும் கால் டிகிரி நஷ்டம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். நியாயம் அவள் பக்கம் இருந்தது. துணிக்கு இஸ்திரி போட்டேன். செய்தித்தாளை வெளியேற்றினேன். செருப்புகளுக்குத் திருமணம் செய்து வைத்தேன். கூடம் நேரானது. பதினாலே எட்டு.

இதற்கெல்லாம் ஆறரைக்கு எழுந்தால் ஆகாது. ஐந்துக்கு எழ ஆரம்பித்தேன். பன்னிரண்டாம் நாள் காலையில் கோப்பைகள் வெந்நீரில் குளிக்க, பால் அடுப்பில் முனக, மெஷின் தன் குடலைச் சூடாக்கிக்கொள்ள, நான் கூடத்தைக் கூட்டிக்கொண்டிருந்தேன். கூட்டும்போது எனக்கு ஏதோ நினைவு வந்தது. சோபாவைப் பார்த்தேன். காலைத் தூக்கச் சொல்ல அங்கே யாரும் இல்லை. இந்த வீட்டில் நான் ஒரு துறையைப் பிடித்துவிட்டேன் என்று நெஞ்சு விம்மியது. எத்தனை துறைகள் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை.

பதினைந்தாம் நாள் ஞாயிறு. தீர்ப்பைக் கேட்க அக்காவும் சகலையும் காலையிலேயே வந்துவிட்டார்கள். மெஷினை மூடிக்கொண்டு போக சகலை ஒரு போர்வையோடு வந்திருந்தார்.

"நம்பிக்கைதான்," என்றார்.

உள்ளே போனேன். மெஷின் இரைந்தது. கோப்பையைத் துணியால் பிடித்தேன். வெப்பமானியை விட்டேன். எழுபத்தெட்டு. இரண்டுமுறை பார்த்தேன். எழுபத்தெட்டேதான். பதினாலு எட்டுகளையும் பதினோரு எட்டில் கடந்து அவள் கையில் கொடுத்தேன்.

உதட்டில் வைத்தாள். சட்டென்று எடுத்தாள். சகலை போர்வையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ம். சூடா இருக்கு."

"சத்தமா சொல்லு."

"நல்ல சூடு. நீங்க ஜெயிச்சுட்டீங்க. காபி இனிமே உங்க பொறுப்பு."

சகலை போர்வையை மடித்தார். நான் சோபாவில் சாய்ந்து, பதினைந்து நாளில் முதல்முறையாகக் கால் மேல் கால் போட்டேன். மனைவி கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு அக்காவோடு பேச்சில் இறங்கினாள். பள்ளிக்கூடம் வந்தது, பக்கத்து வீடு வந்தது, யாருக்கோ முழங்கால் வலி வந்தது. கோப்பை ஜன்னலிலேயே இருந்தது. நுரை அடங்கியது. ஆவி நின்றது.

"ஆறிடப் போகுது," என்றேன்.

"ஆறட்டும்."

அரை மணி நேரம் கழித்து எடுத்து, மடமடவென்று ஒரே மூச்சில் குடித்தாள்.

"இவ எப்பவுமே இப்படித்தான் தம்பி," என்றாள் அக்கா. "சின்னதுலேர்ந்து சூடே ஆகாது. பச்சைத் தண்ணி மாதிரி ஆனாத்தான் வாயில வைப்பா. உங்களுக்குத் தெரியாது?"

அடியில் மிச்சமிருந்த காபியில் வெப்பமானியை விட்டேன். முப்பத்தெட்டு. மூன்று நாடுகளின் கொதிகலன்கள் எந்தச் சூட்டில் ஓடும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கல்யாணமாகி இருபத்து மூன்று வருடம். இவள் காபி எந்தச் சூட்டில் ஓடும் என்று இன்றைக்குத்தான் அளக்கிறேன்.

"அப்போ இந்தப் பதினஞ்சு நாளா..." என்று ஆரம்பித்தேன்.

"ஜெயிச்சவங்க கேள்வி கேக்கலாமா?" என்றாள் மனைவி.

அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "தம்பி, தப்பா நினைக்காதீங்க. மெஷினை ஒரு மாசம் இரவல் குடுங்களேன். இவருக்கு ரொம்ப ஆசையா இருக்கு."

சகலையின் முகத்தில் விளக்கு எரிந்தது. "க்ளினிக்குக்கா?"

"முதல்ல வீட்டுல வச்சுப் பழகுங்க. எனக்கும் காபி சூடா வேணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி கையேட்டை எடுத்து அக்காவிடம் கொடுத்தாள். கையேட்டுக்குள் நாலாக மடித்த ஒரு தாளைச் செருகினாள். செருகுமுன் நான் பார்த்துவிட்டேன். பென்சில் கட்டங்கள். மொத்தம் பதினைந்து. ஒரு கட்டத்தில் 'தொட்டி, பாத்திரம்'. ஒரு கட்டத்தில் 'குழாய்க் கசிவு'. 'அடுப்பு, சுவர்'. 'இஸ்திரித் துணி'. கடைசிக் கட்டம் ஞாயிறு. அதில், 'சூடா இருக்குன்னு சொல்லிடணும்'.

சகலை மெஷினைப் போர்வையில் சுற்றிக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினார். முகமெல்லாம் சிரிப்பு. எச்சரிக்கலாம் என்று நினைத்தேன். பிறகு, பதினைந்து நாளில் அவரே தெரிந்துகொள்வார் என்று விட்டுவிட்டேன்.

வாசலில் அக்கா மட்டும் கொஞ்சம் தயங்கினாள். "ஏண்டி, மெஷின் இல்லாம நாளைக்குக் காலையில உனக்குச் சிரமமா இருக்காது?"

மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"எனக்கென்ன சிரமம்? நீ கொண்டு போக்கா. என் மெஷின் இங்கதானே நிக்குது."