பாய்லர் பவுடரும் பாப்பா ஷாம்பூவும்

என் மனைவி சொன்ன ஒரு சம்பவத்தைப் பல வருடங்களாக நான் சந்தேகப்பட்டு வந்திருக்கிறேன். வெளியே சொன்னதில்லை. சந்தேகம் சரியென்றால் நான் ஏமாந்தவன். தப்பென்றால் அதைவிட மோசமான ஆள். எப்படிப் பார்த்தாலும் எனக்கு மரியாதை மிஞ்சாது.

ஆஸ்பத்திரி பாய்லர் அறையில் எனக்கு வேலை. உப்புத் தண்ணீர் கொதித்துக் கொதித்து, குழாய்க்குள் சுண்ணாம்பு கல்லாகப் படிந்துவிடும். சுத்தியலுக்கு மசியாத அந்தக் கல்லை ஈடிடிஏ என்கிற வெள்ளைப் பவுடர் கரைத்துவிடும். சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதுதான் அதன் குணம். கையுறை இல்லாமல் நாங்கள் அதைத் தொடுவதில்லை.

மகள் வேலைப் பயிற்சிக்கு வெளியூர் போனபோது, ஏழு மாதப் பேத்தியை எங்களிடம் விட்டுப் போனாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொழுது போகாமல் பாப்பாவின் ஷாம்பூ பாட்டிலைத் திருப்பிப் படித்தேன். எறும்பு எழுத்தில், கடைசிக்கு முந்தின வரியில், அதே பெயர்.

"இங்க வா! குழந்தை தலையில என்னத்தத் தேய்க்கிறே தெரியுமா?"

"ஷாம்பூ."

"பாய்லர் கழுவுற மருந்து! பாய்லர் கல்லையே உருக்குது. பாப்பா எலும்பு எம்மாத்திரம்?"

"பாப்பா என்ன பாய்லரா?"

"கத்துறதைக் கேட்டா அப்படித்தான் இருக்கு."

"ஏங்க, இதுல கலந்திருக்கிறது துளியூண்டு. தேய்ச்ச கையோட கழுவிடறோம். தோல் வழியா உள்ள போறதே அபூர்வம்னு பாப்பாவைப் பார்க்கிற டாக்டரம்மா சொன்னாங்க."

"டாக்டரம்மாவுக்கு பாய்லரைப் பத்தி என்ன தெரியும்?"

"உங்களுக்குப் பாப்பாவைப் பத்தி என்ன தெரியும்?"

இந்த இடத்தில் நான் குரலை உயர்த்தினேன். பதில் இல்லாதபோது உயர்த்துவதற்கென்றே ஒரு குரல் வைத்திருக்கிறேன்.

"இன்னியிலிருந்து இந்தப் பேர் போட்ட எதுவும் இந்த வீட்ல இருக்கக் கூடாது!"

"எதுவுமேவா?"

"எதுவுமே!"

"அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"நான் என்னிக்கு மாறியிருக்கேன்?"

அவள் பதிலுக்கு என் மூக்குக் கண்ணாடியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் வேலை முடிந்து வந்தால், வாசலில் ஒரு வாளி. உள்ளே ஷாம்பூ. அதன் மேல் என் தலைச்சாயம். என் ஷேவிங் நுரை. ரொட்டியில் நான் தடவித் தின்னும் மயோனைஸ். நான் ஒளித்து வைத்திருந்த சோடா டின்கள்.

"இதெல்லாம் என்னோடது!"

"ஆமாங்க. எல்லாத்துலயும் அந்தப் பேர் போட்டிருக்கு. பாப்பாவுக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒரு வாளி."

"நான் பெரியவன். எனக்கு ஒண்ணும் ஆகாது."

"பேச்சு மாறுதே."

 அப்போதுதான் அவள் கையைப் பார்த்தேன். பாத்திரம் கழுவும் கையுறை மாட்டியிருந்தாள். இரண்டு விரலால் ஒரு குடிதண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

அது என்னுடையது. குளியலறைக் குழாயில் படிந்த உப்பைக் கரைக்க, பாய்லர் பவுடரைக் கலக்கி நான் கொண்டுவந்தது. சமையலறை சிங்குக்கு அடியில் வைத்தவன், அதோடு மறந்துவிட்டேன்.

"இதுல பேரே எழுதலை. அதனால உங்க சட்டத்துல இது வராது" என்றாள். "ஆனா மத்தியானம் பாப்பா இதோட மூடியைச் சப்பிக்கிட்டு இருந்தா."

கையை நீட்டி அந்தப் பாட்டிலை வாங்கினேன்.

"மூடி... திறந்திருந்துச்சா?"

"இறுக்கமா இருந்துச்சு. பாப்பா நல்லாத்தான் தூங்குறா. டாக்டரம்மாகிட்ட ஃபோன்ல கேட்டேன், குழந்தை இதைக் குடிச்சா என்ன ஆகும்னு. ரத்தத்துல இருக்கிற கால்சியத்தைப் பிடிச்சு இழுத்துடுமாம். இதயமே தடுமாறிடுமாம். ஈய விஷத்துக்கு இந்த வகையில ஒரு மருந்து உண்டாம். அதையே ஆஸ்பத்திரியில படுக்க வச்சு, அளந்து அளந்துதான் குடுப்பாங்களாம். ஒரே மாதிரி பேரைப் பார்த்து மருந்தை மாத்திக் குடுத்து, குழந்தைங்க செத்தே போயிருக்காம். தலையில தேய்ச்சுக் கழுவுற துளிக்கும் இதுக்கும் முடிச்சுப் போடாதீங்கன்னு உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்கன்னாங்க."

 பாட்டிலை எடுத்துக்கொண்டு பாய்லர் அறைக்கே திரும்பிப் போனேன். வழியெல்லாம் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. பல்லே முளைக்காத குழந்தை, கீறல் எப்படி விழும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அந்த இடத்தில்தான் சந்தேகம் உள்ளே வந்து உட்கார்ந்தது.

ஷாம்பூ மட்டும் மறுநாள் குளியலறைக்குத் திரும்பிவிட்டது. என் வாளி திரும்பவில்லை. ஒரே மாதத்தில் தலை வெளுத்தது. பேருந்தில் பெண்கள் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு எந்த மருந்தையும் வேலையிடத்திலிருந்து நான் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. சப்பினது நிஜந்தானா என்று அவளிடமே கேட்டிருக்கலாம். ஆனால், குழந்தை நிஜமாகவே சப்பியிருந்தால்? அந்தப் பதிலைத் தாங்கும் தைரியம் எனக்கு இருந்ததா? இல்லாததால்தான் பேசாமல் இருந்தேனோ என்னவோ.

போன வாரம் மகள் தன் இரண்டாவது குழந்தையோடு வந்திருந்தாள். அந்தப் பொடியன் என் செருப்பைத் துரத்திக்கொண்டு வீடெல்லாம் சுற்றினான்.

"இவனுக்கு எட்டு மாசந்தான்ப்பா ஆகுது, அதுக்குள்ள என்ன வேகம் பாருங்க!" என்றாள் மகள். "அக்காக்காரி இப்படி இல்லை. பத்து மாசம் வரைக்கும் வச்ச இடத்துலயே பிடிச்சு வச்ச மாதிரி உட்கார்ந்திருப்பா."

சமையலறையில் என் மனைவி பாத்திரம் துலக்கும் சத்தம் சட்டென்று நின்றது.

நான் எழுந்து போனேன். அவள் எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். தோள் இரண்டும் லேசாகக் குலுங்கின. அழுகிறாளா, சிரிக்கிறாளா, தெரியவில்லை.

"ஏண்டி, தவழவே தெரியாத குழந்தை, சிங்குக்கு அடியில எப்படிடி போச்சு?"