வெள்ளிக்கிழம கொடி ஏத்துறோம்

“ஒரே ஒரு குறை சொல்லுங்கக்கா. சின்னதா இருந்தாலும் பரவாயில்லை” என்று ஸ்டீவன் கெஞ்சினான்.

அனுமந்தன்பட்டித் தோட்டத்தில் திராட்சைக் குலை அறுத்துக்கொண்டிருந்த பதினோரு பெண்களும் அவனைப் பாவமாகப் பார்த்தார்கள்.

“குறையா? ஒண்ணுமில்லையே தம்பி. மொதலாளி நல்லாத்தான் வச்சிருக்காக” என்றாள் இருதயம்மாள். பெண்களில் அவள்தான் மூத்தவள். அவள் சொல்லிவிட்டால் மற்றவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள், சகாயராணியைத் தவிர. அந்தச் சகாயராணியும் இன்றைக்கு வாயில் ஒரு கை திராட்சையை அடக்கி வைத்திருந்தாள்.

ஸ்டீவன் தாம்பரத்துப் பிள்ளை. பல்கலைக்கழகத்தில் தொழிலுறவு படிக்கிறான். இரண்டு வருடப் படிப்பும் கடைசியில் ஓர் ஆய்வேட்டில் வந்து நின்றது. “தொழிலாளிக்கும் முதலாளிக்கும் நடக்கிற பிணக்கை நேர்ல பார்த்து எழுதணும். பிணக்கு இல்லைன்னா பட்டமும் இல்லை” என்று பேராசிரியை வேல்விழி கறாராகச் சொல்லிவிட்டார். கூடப் படித்தவர்கள் மில், பஸ் டிப்போ என்று விவரமாகப் பிடித்துக்கொண்டார்கள். இவன் மட்டும் ஓசித் திராட்சைக்கு ஆசைப்பட்டு இந்தத் தோட்டத்தைக் கேட்டு வாங்கினான். வந்து மூன்று வாரம் ஆகிறது. தின்ற திராட்சைக்கு அளவில்லை, பிணக்கு மட்டும் அகப்படவே இல்லை.

சோர்ந்துபோய்த் திரும்பியவனின் தலையில் ஒரு குலை இடித்தது. அப்போது பின்னால் இருதயம்மாளின் குரல் கணீரென்று கேட்டது.

“ஏடி சகாயராணி, வெள்ளிக்கிழம கொடி ஏத்துறோம். எல்லாரும் பந்தலுக்கு வந்துரணும், ஆமா!”

கொடி! பந்தல்! ஸ்டீவனுக்குப் புல்லரித்தது. சங்கம் பிறக்கிற இடத்தில் முதலில் ஏறுவது கொடிதான் என்று வகுப்பில் படித்திருக்கிறான். உடனே செல்போனை எடுத்து, “வெள்ளிக்கிழமை சங்கக் கொடியேற்றம், மேடம்” என்று தட்டிவிட்டான். இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது: “அருமை. நானே வருகிறேன். பதினோரு மணி.”

அதன் பிறகுதான் கேட்கத் தோன்றியது அந்தப் புத்திசாலிக்கு.

“எந்தச் சங்கத்துக் கொடிக்கா?”

“சங்கமா? நான் திராட்சக் கொடியச் சொன்னேன் தம்பி. பந்தல்ல ஏத்தி விடணும்ல?”

ஸ்டீவன் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டான். வர வேண்டாம் என்று சொன்னால் மேடம் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் மானம் போகும்.

“அக்கா, ஒரே ஒரு நாளைக்கு நிஜக் கொடி ஏத்துங்கக்கா. மேடம் பார்த்துட்டுப் போனதும் இறக்கிடலாம்.”

“ஐயையோ, எங்களுக்கு எதுக்குத் தம்பி இந்த வம்பு?” என்று இருதயம்மாள் பின்வாங்கினாள். ஸ்டீவனின் கண்ணில் தண்ணீர் கட்டியது. “சரி சரி, பச்சப்புள்ள அழுகுது. ஏத்தித் தொலைப்போம்டி.”

“கோரிக்கைன்னு ஏதாவது எழுதணும்கா.”

“என்னத்தையாச்சும் எழுதுங்க. தோட்டத்துல பொம்பளைகளுக்கு ஒரு கக்கூஸ் வேணும்னு போடுங்க. சும்மா பேருக்குத்தான.”

மூன்று வாரமாக அந்தத் தோட்டத்தில் கக்கூஸ் இல்லாதது அவன் கண்ணில் படவில்லை. அப்போதும் படவில்லை. ‘கோரிக்கை’யில் ஒற்று மிகுமா என்ற யோசனையில் மும்முரமாக இருந்தான்.

அடுத்து, கொடிக்கு என்ன நிறம்? எந்த நிறத்தை எடுத்தாலும் அங்கே ஏற்கெனவே ஒரு கட்சி நின்றுகொண்டிருந்தது.

“மாதா கோயில் கொடிய வாங்கியாரவா?” என்றாள் சகாயராணி.

“அதப் பாத்தா மொதலாளி கும்புட்டுட்டுப் போயிருவாகடி” என்று இருதயம்மாள் அதட்டினாள்.

எந்தக் கட்சியும் இதுவரை கை வைக்காத ஒன்றுதான் மிச்சம் இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் கல்தூணில் கட்டிய மூங்கிலின் உச்சியில் சகாயராணியின் பூப்போட்ட நைட்டி படபடவென்று பறந்தது.

பத்து மணிக்கு முதலாளி தங்கபாண்டி புல்லட்டில் வந்து இறங்கினார். அண்ணாந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் பார்த்தார்.

“தம்பி, செவப்புன்னா கம்பம் டவுன்ல எனக்கு ஆள் இருக்கு. பச்சைன்னா உத்தமபாளையத்துல பேசிக்கிருவேன். இது எந்தக் கட்சி?”

“இது... புதுச் சங்கம் சார்.”

“தலைம எங்கன இருக்கு?”

“தாம்பரம்” என்று வாய்க்கு வந்த ஊரைச் சொன்னான் ஸ்டீவன்.

“ஆத்தாடி! மெட்ராஸ் வரைக்கும் போயிருச்சா?” தங்கபாண்டிக்கு வியர்த்துவிட்டது. கோரிக்கைத் தாளை வாங்கிப் படித்தார். “கக்கூஸ்தான? இன்னைக்கே கட்டித் தாரேன்.”

ஸ்டீவன் பதறிப்போனான். மேடம் வருவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. அதற்குள் பிணக்கு தீர்ந்தால் என்ன ஆவது?

“சார், உடனே ஒத்துக்காதீங்க! கொஞ்சமாவது மறுங்க!”

“என்னைய ஆழம் பாக்குறீகளா? தண்ணித் தொட்டியும் வச்சுத் தாரேன்.”

“முடியாதுன்னு ஒரே ஒரு வார்த்தை சார், உங்க கால்ல விழறேன்!”

“கதவுக்கு உள்தாப்பாளும் போட்டுத் தாரேன். கெஞ்சிக் கேக்குறேன், அந்தக் கொடிய எறக்கச் சொல்லுங்க.” யாரையும் நம்பாமல் அவரே மண்வெட்டியை எடுத்துக் குழி தோண்டத் தொடங்கிவிட்டார்.

பதினோரு மணிக்கு வேல்விழி காரிலிருந்து இறங்கினார். மேலே நைட்டி, கீழே இடுப்பளவு குழியில் முதலாளி, சுற்றிலும் கைதட்டுகிற பெண்கள்.

“பிணக்கு எங்கே, ஸ்டீவன்?”

“தீர்ந்துபோச்சு மேடம்.”

“எப்போ?”

“பத்தேகாலுக்கு.”

கோரிக்கைத் தாளைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. “இது உன் கையெழுத்தாச்சே? உண்மையைச் சொல்லு. இவங்க தாங்களாவே நடத்தின போராட்டமா, நீ தூண்டிவிட்டதா? நீ தூண்டியிருந்தா இது ஆய்வே இல்லை. இன்னும் ஒரு வருஷம் உட்கார்ந்து படி.”

பொய் சொல்லியிருக்கலாம். அந்தச் சாமர்த்தியம் அவனுக்கு வரவில்லை. “நான்தான் மேடம்” என்று அழுதேவிட்டான். “அக்கா திராட்சைக் கொடி ஏத்துறதைப் பேசினாங்க. நான் சங்கக் கொடின்னு நினைச்சு உங்களுக்கு எழுதிட்டேன். அப்புறம் கெஞ்சிக் கூத்தாடி நான்தான் இதை ஏத்த வச்சேன்.”

வேல்விழி பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார்.

சொல்லாதே என்று இருதயம்மாள் கண்ணைக் காட்டியும் சகாயராணியால் பொறுக்க முடியவில்லை. குழிக்குள் நின்ற முதலாளி காதில் விழாதபடி பேராசிரியையிடம் குனிந்து சொன்னாள்.

“திராட்சக் கொடி பந்தல் ஏறிப் பதினஞ்சு வருசமாச்சு மேடம். இந்தத் தம்பி காதுல விழட்டும்னுதான் நாங்க அப்படிப் பேசுனோம்!”